கேரன் கார்ப்பென்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ப்பென்டர்ஸ் பாட்டுகளை இருபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுவருகிறேன். யாருக்காவது ஒரு பாட்டை அனுப்பினால் இரண்டு நாளில் ஒரு கேள்வி வரும். பெரும்பாலும் போன முறை வேறொருவர் கேட்ட அதே கேள்வியாக இருக்கும். பதிலை ஒவ்வொரு முறையும் அரைகுறையாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கேரன் கார்ப்பென்டர் யாரு? கார்ப்பென்டர்ஸ்ங்கறது அவங்க பேரா, குழுவோட பேரா?

இரண்டும்தான். குடும்பப் பெயரே குழுவின் பெயராகிவிட்டது. அண்ணன் ரிச்சர்ட், தங்கை கேரன், இரண்டே பேர். ரிச்சர்ட் பியானோ வாசிப்பார், எந்தக் கருவி எங்கே வரவேண்டும், கோரஸ் எப்படி அமைய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பார். கேரன் பாடுவார், டிரம்ஸும் வாசிப்பார்.

கேரன் பிறந்தது 1950 மார்ச் 2, அமெரிக்காவின் நியூ ஹேவனில். 1963-ல் குடும்பம் கலிஃபோர்னியாவின் டௌனிக்குக் குடிபெயர்ந்தது. 1969-ல் ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தம் கிடைத்தபோது அவருக்கு 19 வயது. அடுத்த வருடமே 'க்ளோஸ் டு யூ' நான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1983 பிப்ரவரி 4 அன்று, 32 வயதில் இறந்துபோனார்.

ஒரு பாட்டுகூட கேட்டதில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' உங்கள் காதில் எங்கேயாவது விழுந்திருக்கும், பேர் தெரியாமல் இருந்திருக்கலாம். 'ஷா லா லா' என்று வருமே, அதுதான். ஆனால் நான் அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லமாட்டேன். 1971-ல் வந்த 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்' கேளுங்கள். முதலில் மௌத் ஆர்கன் ஒலித்து முடியும், கேரன் உள்ளே வருவார். அந்த முதல் வரியில் உங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்றால், மற்றதைக் கேட்கச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன்.

பிடித்திருந்தால் 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்', 'சூப்பர்ஸ்டார்', 'குட்பை டு லவ்' என்று போங்கள். துள்ளலான 'டாப் ஆஃப் த வேர்ல்ட்', 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குரல் பழகியபிறகு கேட்டால்தான் அவற்றில் அவர் செய்திருக்கும் வேலை பிடிபடும்.

அந்தக் குரல்ல அப்படி என்ன இருக்கு? எல்லாரும் மெதுவாத்தானே பாடறாங்க?

பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகையை கான்ட்ரால்டோ என்பார்கள். கேரனின் குரல் அந்த வகை. பாப் பாட்டில் பொதுவாக உணர்ச்சி ஏற ஏறக் குரலும் மேலே போகும். கேரன் பாட்டில் முக்கியமானதெல்லாம் கீழே நடக்கும். காசு இருப்பது கீழ்த்தளத்தில்தான் என்று தன் கீழ்ஸ்தாயியைப் பற்றி அவரே சொல்வாராம். ரிச்சர்டும் அதைத் தெரிந்துகொண்டு, அவருக்குத் தோதான தாழ்ந்த சுருதியில்தான் பாட்டுகளை அமைத்தார். இன்னொன்று, நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கும்போது கேரன் முதலில் அசைக்கவே மாட்டார். நேர்கோடாக நிற்கும். முடியப்போகும்போதுதான் லேசான அதிர்வைச் சேர்ப்பார். அந்த அதிர்வுக்காகக் காது காத்துக்கொண்டே இருக்கும்.

இதை 'சூப்பர்ஸ்டார்' பாட்டில் பாருங்கள். டிவியில் இன்னொரு பாடகி பாடக் கேட்டு ரிச்சர்ட் கொண்டுவந்த பாட்டு அது. கேரனுக்கு ஆரம்பத்தில் அதில் பெரிய ஆர்வமில்லை. மற்ற வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்ட ஒரு தற்காலிகக் குரல் வேண்டுமே என்று, காகித நாப்கின் ஒன்றில் ரிச்சர்ட் கிறுக்கிக் கொடுத்த வரிகளைப் பார்த்துக்கொண்டே பாடினார். அந்த முதல் டேக்தான் ரெகார்டில் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் வரிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெரியும். பல்லவி வரும்போது வாத்தியங்கள் பொங்கும், ஆனால் அவர் கத்தமாட்டார். ஒரு படி மட்டும் ஏறிவிட்டு, அடுத்த சரணத்துக்கு மறுபடி அந்த அடித்தளத்துக்கே இறங்கிவிடுவார். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன ஒரு பெண்ணின் பாட்டு அது. அலுத்தவர்கள் கத்துவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் பாட்டே புரியாது. கேட்டு ரசிக்க முடியுமா?

மற்ற ஆங்கிலப் பாட்டுகளைவிட இவை சுலபமாகப் புரியும். கேரன் சொற்களை மெல்லுவதில்லை, விழுங்குவதில்லை. ஜப்பானில் இவர்களுக்கு இருந்த வரவேற்பே இதற்குச் சாட்சி. அவர் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 1995-ல் அங்கே ஒரு டிவி தொடரில் 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' பாட்டையும் 'ஐ நீட் டு பீ இன் லவ்' பாட்டையும் பயன்படுத்தியதும், புதிதாக ஒரு தலைமுறையே இவர்கள் பக்கம் வந்தது.

டிரம்ஸ் வாசிப்பாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாவா? இல்ல மேடைக்காக உக்கார வெச்சாங்களா?

நிஜம். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியின் அணிவகுப்பு பேண்டில் முதலில் கேரன் கையில் கொடுத்தது க்ளாக்கன்ஸ்பீல், சிறு சுத்தியலால் தட்டும் உலோகக் கட்டைகள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் டிரம்ஸ் அடித்த பையன்களைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று மாறிக்கொண்டார். ஜாஸ் டிரம்மர்களான ஜோ மொரெல்லோவும் பட்டி ரிச்சும்தான் அவருடைய ஆதர்சம். 1966-ல் ஹாலிவுட் பௌலில் நடந்த இசைக்குழுப் போட்டியில் ரிச்சர்டின் மூவர் குழு ஜெயித்தபோது, டிரம்ஸில் இருந்தவர் 16 வயது கேரன். டிரம்ஸுக்குப் பிறகுதான் பாட்டு வந்தது. தன்னைப் பாடவும் செய்கிற டிரம்மர் என்றே அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

பாட ஆரம்பித்தபிறகு ஒரு சிக்கல். உயரம் குறைவு, டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகமே தெரியாது. முன்னால் வந்து மைக்கைப் பிடித்துப் பாடச் சொல்லி எல்லோரும் நெருக்கினார்கள். அவருக்கு மனமே இல்லை, ஆனாலும் வந்தார். 1976-ல் வந்த அவர்களுடைய டிவி சிறப்பு நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். மேடை முழுக்க விதவிதமான டிரம்கள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி வாசிப்பார். அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை அவர் நின்று பாடும் எந்தக் காட்சியிலும் நான் பார்த்ததில்லை.

என் எண்ணம் இதுதான்: அந்தக் குரலின் ரகசியத்தில் பாதி டிரம்ஸில் இருக்கிறது. 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்' பாட்டைப் போட்டு மேஜையில் விரலால் தாளம் தட்டிப் பாருங்கள். சொற்கள் சரியாக உங்கள் தட்டின்மேல் விழாது, மயிரிழை பிந்தி விழும். ஆனால் வரி முடியும் இடத்தில் கணக்கு துல்லியமாகச் சேர்ந்துவிடும். தாளம் உடம்பிலேயே ஊறியவர்களால்தான் இப்படித் தைரியமாகப் பிந்த முடியும். சோகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்தப் பிந்தல்தான்.

ஆனா ரெகார்டுல டிரம்ஸ் வாசிச்சது வேற ஆளாமே?

பெரும்பாலான ஹிட் பாட்டுகளில் வாசித்தவர் ஹால் ப்ளெய்ன். லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் அந்தக் காலத்தில் அவரைவிட அதிகம் தேடப்பட்ட டிரம்மர் இல்லை. 'க்ளோஸ் டு யூ' தொடங்கி அவர் கைதான். கேரன் வாசிப்பு கேட்க வேண்டுமென்றால் 1969-ல் வந்த முதல் ஆல்பத்துக்குப் போக வேண்டும். 'ஆஃபரிங்' என்று வந்து, பிறகு 'டிக்கெட் டு ரைட்' என்று பெயர் மாற்றப்பட்ட ஆல்பம். அதில் 'ஆல் ஐ கேன் டூ' என்றொரு பாட்டு ஐந்தைந்தாக எண்ண வேண்டிய தாளத்தில் போகும். நம் சங்கீதத்தில் கண்டம் என்பார்களே, அதுதான். பத்தொன்பது வயதுப் பெண் அதில் வாசித்துக்கொண்டு வேகமாகப் பாடியும் இருக்கிறார். 1973-ன் 'நௌ அண்ட் தென்' ஆல்பத்திலும் பெரும்பகுதி அவர் வாசிப்பு.

1975-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் வாசகர்கள் சிறந்த ராக் டிரம்மராக லெட் செப்பலின் குழுவின் ஜான் போனமைத் தாண்டி கேரனைத் தேர்ந்தெடுத்தார்கள். போனமைவிடப் பெரியவர் என்று நான் வாதிடவில்லை. மேடை அலங்காரத்துக்கு உட்கார வைக்கப்பட்டவர் இல்லை என்பதற்கு அது போதும்.

பின்னாடி பத்துப் பேர் கோரஸ் பாடற மாதிரி கேக்குதே, அவங்கல்லாம் யாரு?

அண்ணனும் தங்கையும்தான். நான்கு குரல்களுக்கு ரிச்சர்ட் எழுதுவார். ஒவ்வொரு குரலையும் மூன்று முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்வார்கள். கணக்குப் போட்டால் பன்னிரண்டு குரல். இதே மாதிரி குரலை அடுக்கிப் பதிவு செய்த லெஸ் பால், மேரி ஃபோர்ட் ஜோடியை அப்பாவின் ரெகார்டுகளில் கேட்டு வளர்ந்ததில் வந்த ஆசை இது. இரத்த சொந்தங்களின் குரல் ஒன்றோடொன்று கரைகிற மாதிரி வேறு குரல்கள் கரைவதில்லை.

'க்ளோஸ் டு யூ' கடைசியில் பாட்டு முடிந்துவிட்ட மாதிரி நின்றுவிடும். பாட்டை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நொடி கழித்து 'வாஆ' என்று அத்தனை குரலும் ஒன்றாகத் திறக்கும். ஏ அண்ட் எம் ஸ்டுடியோ இருந்தது சார்லி சாப்ளின் ஒரு காலத்தில் படம் எடுத்த வளாகத்தில். அந்தச் சுவர்களுக்குள் இரண்டு பேர் மட்டும் நின்று, பொறுமையாக அடுக்கிய குரல்கள் அவை.

பாட்டெல்லாம் அவங்களே எழுதுனதா?

இல்லை. கேரன் எழுதியவர் இல்லை, பாடியவர். ரிச்சர்ட் இசையமைத்து ஜான் பெட்டிஸ் வரி எழுதிய பாட்டுகள் சில உண்டு: 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்', 'டாப் ஆஃப் த வேர்ல்ட்', 'குட்பை டு லவ்'. 'க்ளோஸ் டு யூ' பர்ட் பேக்கராக், ஹால் டேவிட் கூட்டணியின் பாட்டு. 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' பிறந்தது ஒரு கலிஃபோர்னிய வங்கியின் டிவி விளம்பரத்தில். பால் வில்லியம்ஸும் ரோஜர் நிக்கல்ஸும் செய்தது. விளம்பரத்தைப் பார்த்த ரிச்சர்ட், இது முழுப்பாட்டாக இருக்குமா என்று போய்க் கேட்டார். பிறகு அமெரிக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் பாட்டாகவே அது ஆகிவிட்டது.

'குட்பை டு லவ்' பாட்டுல திடீர்னு கிட்டார் அலறுதே, தப்பா சேர்ந்துடுச்சா?

வேண்டுமென்றே வைத்தது. டோனி பெலுசோ என்ற இளைஞரை வரவழைத்தார்கள். முதலில் அவர் மென்மையாக வாசித்துக் காட்டினார். ரிச்சர்ட், ஆரம்பத்தில் மெட்டை வாசி, அப்புறம் விட்டு விளாசு என்றார். அவர் விளாசியதுதான் நீங்கள் கேட்பது. 1972-ல் இப்படி ஒரு மென்மையான பாட்டில் கரகரப்பான ராக் கிட்டாரை யாரும் எதிர்பார்க்கவில்லை. கோபக் கடிதங்களே வந்தன. எனக்கு அந்த அலறல் மிகச் சரியான இடத்தில் வந்ததாகத்தான் படுகிறது. அதுவரை கேரன் மூச்சுவிட இடமில்லாத நீண்ட நீண்ட வரிகளை ஒரு சலனமும் காட்டாமல் பாடிவிட்டுப் போயிருப்பார். அவர் அடக்கி வைத்ததையெல்லாம் கிட்டார் கொட்டுகிறது.

ரொம்ப சாஃப்ட்டு, பாட்டி காலத்துப் பாட்டுன்னு என் பையன் கிண்டல் பண்றான். என்ன சொல்றது?

அந்தக் கிண்டல் 1970-லேயே இருந்தது. ராக் விமர்சகர்கள் இவர்களைச் சர்க்கரைப் பாகு என்றே ஒதுக்கினார்கள். பையனுக்கு சத்தமான இசை பிடிக்கும் என்றால் சோனிக் யூத் பேரைச் சொல்லுங்கள். இரைச்சலையே இசையாக்கிய அந்தக் குழு 1990-ல் கேரனுக்காக ஒரு பாட்டு எழுதியது. 1994-ல் மாற்று ராக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கார்ப்பென்டர்ஸ் அஞ்சலி ஆல்பத்தில் 'சூப்பர்ஸ்டார்' பாடியதும் அவர்கள்தான். மூலத்தையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பாட்டுக்குள் எவ்வளவு இருட்டு இருக்கிறது என்று அவனே சொல்வான்.

தனியா ஒரு ஆல்பம் பாடி, அதை வெளியிடாமலே வெச்சிட்டாங்களாமே?

ஆமாம். 1979-ல் ரிச்சர்ட் தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் கேரன் நியூயார்க் போய், ஃபில் ராமோன் தயாரிப்பில் ஓர் ஆல்பம் பாடினார். 1980-ல் கேட்டுப் பார்த்த நிறுவனம் வேண்டாம் என்று ஓரம் கட்டிவிட்டது. 1996-ல்தான், அவர் போய்ப் பதிமூன்று வருடம் கழித்து, அது முழுதாக வெளிவந்தது.

எல்லாப் பாட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். டிஸ்கோ பாட்டு ஒன்றிரண்டு அவருக்குப் பொருந்தவில்லை. ஆனால் 'இஃப் ஐ ஹேட் யூ' பாட்டின் முடிவில் அவருடைய குரலே அவரோடு கேள்வி பதிலாகப் பின்னிக்கொண்டு போகும். மேலே சொன்ன கோரஸ் அடுக்கு மாதிரிதான், ஆனால் இங்கே தாளத்தின்மேல் தாவித் தாவி வரும். ஒரு டிரம்மர் பாடுகிறார் என்று அதைக் கேட்டால் சந்தேகமில்லாமல் தெரியும். அதை அவர் உயிரோடு இருக்கும்போது வெளியிட்டிருக்கலாம். எனக்கு அதில் இன்னும் ஆறவில்லை.

எப்படி இறந்தாங்க?

அனரெக்ஸியா நெர்வோஸா என்ற உணவு மறுப்பு நோய். உடல் மெலிந்திருந்தும் பருமனாக இருப்பதாகவே மனம் நம்பிச் சாப்பாட்டை ஒதுக்கும் நோய். பல வருடம் அவதிப்பட்டார். 1982-ல் நியூயார்க்கில் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். 1983 பிப்ரவரி 4 காலையில் டௌனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்தார், இதயம் நின்றுவிட்டது. அந்த நோயின் தொடர்ச்சியாக, வாந்தி வரவழைக்கும் மருந்திலுள்ள எமெட்டின் இதயத்தைப் பாதித்தது என்று பிரேதப் பரிசோதனை முடிவு சொன்னது. அந்த நோயின் பெயரையே பலரும் முதன்முதலில் கேள்விப்பட்டது அவர் இறந்த செய்தியில்தான்.

அண்ணனும் அம்மாவும்தான் காரணம்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சில் நான் சேரமாட்டேன். இது ஒரு கொடிய நோய், அப்போது டாக்டர்களுக்கே அதைப் பற்றி அதிகம் தெரியாது. ஒரு வீட்டுக்குள் நடந்ததை வெளியே இருந்து தீர்ப்பெழுத நமக்கு வழியில்லை. இசையைப் பொறுத்தவரை சொல்லலாம்: அந்தக் குரலின் பலம் கீழே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் சுற்றி இடம்விட்டு வாத்தியங்களை அமைத்தவர் ரிச்சர்ட். நாப்கினைப் பார்த்துப் பாடிய டேக் போதும், இன்னொரு முறை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் நல்ல காது வேண்டும்.

அவங்க எப்படி இறந்தாங்கன்னு தெரிஞ்சப்புறம் எல்லாப் பாட்டும் சோகமாவே கேக்குது. அப்படிக் கேக்கறது சரியா?

எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் வரப்போகும் மரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. 'ரெய்னி டேஸ்' வெளிவந்தபோது அவருக்கு 21 வயது. அந்த வரிகள் அவர் வாழ்க்கைக் கதை இல்லை, இன்னொருவர் எழுதியவை. அவற்றை நம் கதையாக நம்பவைத்தது அவருடைய திறமை. மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சொல்லைப் பிந்த விடுவது, அதிர்வை எப்போது சேர்ப்பது என்று அத்தனையும் தெரிந்து செய்த வேலை. அதையெல்லாம் துயரத்தின் கணக்கில் எழுதிவிட்டால் கலைஞருக்கு என்ன மிஞ்சும்?

சந்தேகம் இருந்தால் 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' பாட்டின் இரண்டு பதிவுகளையும் கேளுங்கள். 1972 ஆல்பத்தில் ஒன்று, 1973-ல் தனிப்பாட்டாக வந்தபோது ஒன்று. முதலில் பாடியது அவருக்குத் திருப்தியில்லை. அதனால் தனிப்பாட்டுக்காகத் தன் குரலை மறுபடி பதிவு செய்தார். யாரும் குறை சொல்லாத பாட்டை மறுபடி பாடிய அந்தப் பெண்ணைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

பழைய ரெகார்டைக் கேக்கறதா, இப்ப வர்ற புது மிக்ஸைக் கேக்கறதா?

ரிச்சர்ட் பல பாட்டுகளைப் பின்னாளில் மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார், அதாவது குரலும் வாத்தியங்களும் கலக்கும் அளவை மாற்றி அமைத்திருக்கிறார். 2018-ல் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைச் சேர்த்தும் ஓர் ஆல்பம் வந்தது. ஒலி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் முறை கேட்பவர்கள் 70-களின் மூலப் பதிவையே கேளுங்கள், அதில் குரலைச் சுற்றி வெற்றிடம் அதிகம்.

கடைசியா அவங்க பாடுனது எது?

1982 ஏப்ரலில் பதிவான 'நௌ'. 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' செய்த ரோஜர் நிக்கல்ஸ் இதற்கும் இசை. கேரன் இறந்த வருடமே வந்த 'வாய்ஸ் ஆஃப் த ஹார்ட்' ஆல்பத்தில் இருக்கிறது. பாடியபோது அவர் உடல் மிக மோசமாக இருந்தது. குரலில் அது தெரிகிறதா என்று தேடாமல், முன்பு சொன்ன மாதிரி மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே கேளுங்கள். சொல் அதே மயிரிழை பிந்தி விழும், வரி முடியும்போது கணக்கு அதே மாதிரி சேரும்.